தலைக்குத்தானே கரண்ட் வைக்கிறார்கள், ரத்தத்தில் அணு ஏன் குறைகிறது?

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் யாருக்காவது மூளையில் கட்டி என்று தெரிந்து மதுரைக்கோ சென்னைக்கோ கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போனால், ஊரில் அதற்கு ஒரே பேர்தான்: கரண்ட் வைக்கப் போயிருக்கார். அதோடு இரண்டு விதமான பேச்சும் கிளம்பிவிடும். ஒரு பக்கம், "கரண்ட் வச்சா எதிர்ப்பு சக்தி மொத்தமும் போயிரும், அதுக்கு வைக்காமலே இருக்கலாம்" என்பார்கள். இன்னொரு பக்கம், "தலைக்குத்தான வைக்கிறாங்க, உடம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள்.

இரண்டுமே தப்பு, இரண்டாலும் கெடுதல் வருகிறது. முதல் பேச்சைக் கேட்டுப் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டாவதை நம்பி, காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு நாள் வீட்டிலேயே படுத்திருப்பவர்களும் உண்டு. ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "கட்டி இருக்குறது தலையில, அணு குறையுறது ரத்தத்திலயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவசரமாக நின்றுகொண்டு சொல்ல முடியாத பதிலை இங்கே உட்கார்ந்து சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

பேர்தான் கரண்ட், உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எலும்பு முறிந்தால் படம் எடுக்கிறார்களே, அதே எக்ஸ்ரே வகைதான், ஆனால் சக்தி பல மடங்கு அதிகம். லினாக் என்கிற இயந்திரம் அந்தக் கதிரை உண்டாக்கி, பல கோணங்களிலிருந்து கட்டியின் மேல் குவிக்கிறது. தலை இம்மியும் அசையக்கூடாது என்பதற்காக, முகத்தின் அளவுக்கே ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி இல்லை, சூடு இல்லை.

இயந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். வெளியே இருந்து பாய்ச்சும் இந்தச் சிகிச்சையில் நோயாளியின் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். வேகமாக வளரும் மூளைக்கட்டிகளுக்குப் பொதுவாக மொத்தம் 60 கிரே. அதை ஒரே நாளில் கொடுக்காமல், நாளுக்கு 2 கிரே வீதம் 30 தடவையாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் கொடுப்பார்கள். நல்ல செல்கள் இடையில் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு.

எதிர்ப்பு சக்தி என்பது ஒரே சரக்கு இல்லை

'எதிர்ப்பு சக்தி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. நமக்கு இங்கே இரண்டு போதும்.

ஒன்று நியூட்ரோஃபில். புண்ணில் சீழ் வைக்கிற மாதிரியான பாக்டீரியாக் கிருமிகள் நுழைந்தால் முதலில் ஓடிவருவது இதுதான். ஆயுள் குறைவு, தீரத் தீர எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று லிம்போசைட். வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிப்பது, பூஞ்சைக் கிருமிகளை அடக்குவது, ஒருமுறை வந்த கிருமியை ஆண்டுக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பது, மாறிப்போன புற்றுசெல்களைக் கண்காணிப்பது எல்லாம் இதன் வேலை. இதில் ஒரு பிரிவான டி செல்கள் பல ஆண்டுகள்கூட வாழும். போனால் உடனே ஈடுசெய்வது கடினம். புதிய டி செல்கள் பக்குவப்படும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும்.

தலைக்குக் கதிர் வைக்கும்போது முக்கியமாக அடி வாங்குவது இந்த இரண்டாவது வகை, லிம்போசைட்தான். எதிர்ப்பு சக்தி 'மொத்தமும்' போவதில்லை.

வலை ஒரே இடத்தில் இருக்கிறது, மீன்தான் வருகிறது

பாம்பன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் விரிகுடா, நடுவில் இந்தக் குறுகலான வழி. அங்கே ஓரிடத்தில் வலையைக் கட்டிவிட்டோம் என்று வையுங்கள். வலை ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் நீரோட்டம் நிற்பதில்லை. இரண்டு கடல்களின் மீனும் என்றாவது ஒருநாள் அந்த வழியாகப் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் வலையில் விழுவது கொஞ்சம்தான். அதே இடத்தில் ஆறு வாரம் வலை நின்றால் எங்கெங்கோ மேய்ந்த மீனெல்லாம் குறைந்துபோகும்.

கதிர் அந்த வலை, ரத்தம் அந்த நீரோட்டம்.

மூளையின் எடை உடம்பின் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் மூளைக்குப் போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவு. உடம்பில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். ஆக, கதிர் பாயும் அந்தச் சில நிமிடங்களில் கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தமும் கதிரில் நனைகிறது. மறுநாள் வேறு ரத்தம், அதற்கு மறுநாள் இன்னும் வேறு.

இதை 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒரே ஒரு நாள் சிகிச்சையில், ஓடும் ரத்தத்தில் சுமார் 5 சதவீதத்துக்குத்தான் அரை கிரே அளவு கதிர் படுகிறது. 30 நாள் முடியும்போது, 99 சதவீத ரத்தத்துக்கும் குறைந்தது அரை கிரே பட்டுவிடுகிறது. கதிரைக் காட்டியது தலையில் ஓரிடத்துக்கு. முடிவில் அது தொடாத ரத்தம் என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை.

சரி, எல்லா அணுவும்தான் அந்த வழியாகப் போகிறது. லிம்போசைட் மட்டும் ஏன்? வலையில் எந்த மீன் சிக்கும் என்பதை வலைக்கண்ணி முடிவு செய்வதுபோல, கதிரில் எது சாகும் என்பதை அந்தந்த அணுவின் தன்மை முடிவு செய்கிறது. கதிர் குறிவைப்பது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை, அதாவது செல்லின் மரபுக் குறிப்பை. ரத்தத்தில் ஓடும் சிவப்பு அணுவில் டிஎன்ஏவே கிடையாது. அது பாட்டுக்குப் போய்விடும். உடம்பின் பெரும்பாலான செல்கள், டிஎன்ஏ உடைந்தாலும், அடுத்து இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் மாட்டிக்கொண்டு சாகும். லிம்போசைட் அப்படி இல்லை. பிரியாமல் சும்மா இருக்கும்போதே, டிஎன்ஏ உடைந்தது தெரிந்ததும் தானே தன்னை அழித்துக்கொள்ளும். ஒன்று முதல் இரண்டு கிரே பட்டாலே அவற்றில் பாதியளவு செத்துப்போகும். கட்டிக்குத் தேவைப்படுவதோ 60 கிரே. வித்தியாசம் புரிகிறதா? கட்டிக்குப் பத்தாத அளவுகூட லிம்போசைட்டுக்கு அதிகம்.

'மண்டை ஓட்டுக்குள்ள இருக்கிற மஜ்ஜை கருகிடும், அதான் அணு குறையுது' என்றும் ஒரு விளக்கம் ஊரில் ஓடுகிறது. மண்டை ஓட்டில் ரத்தம் செய்யும் மஜ்ஜை இருப்பது உண்மைதான். ஆனால் பெரியவர்களுக்கு அது மொத்த மஜ்ஜையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பெரும்பகுதி இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. அதனால்தான் தலைக்கு மட்டும் கதிர் வைக்கும்போது நியூட்ரோஃபிலும் சிவப்பு அணுவும் அவ்வளவாகக் குறைவதில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கதிர் தலையைத் தாண்டி உடம்பெங்கும் பரவவில்லை. உடம்பெங்கும் சுற்றும் ரத்தம்தான் தினமும் தலைக்கு வந்து போகிறது. வந்து போகும் அணுக்களில் கதிரை மிகக் குறைவாகத் தாங்குவது லிம்போசைட்.

கதிர் மட்டும் காரணம் இல்லை

குறைவு முழுவதையும் கதிரின் கணக்கில் எழுதுவது சரியில்லை. கூடவே இரண்டு மருந்துகள் இருக்கின்றன.

கட்டியைச் சுற்றி மூளை வீங்கும். அந்த வீக்கம்தான் தலைவலி, வாந்தி, கை கால் தடுமாற்றம் எல்லாவற்றையும் கூட்டும். அதை வடியவைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். எல்லோரும் 'டெக்ஸா' என்பார்கள். உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் லிம்போசைட்டை அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். பயந்துபோய் அதைச் சட்டென்று நிறுத்துவது பெரிய ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருப்பதால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் செய்வதைக் குறைத்திருக்கும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது டெமோசோலோமைடு என்கிற கீமோ மாத்திரை. கிளியோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைக்கட்டிக்குக் கதிரோடு சேர்த்து இதையும் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2005இல் நிரூபணமானது. அதிலிருந்து உலகெங்கும் அதுவே வழக்கம். இதுவும் லிம்போசைட்டைக் குறைக்கும்.

கதிர், டெக்ஸா, டெமோசோலோமைடு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று பின்தொடர்ந்து பார்த்தது. சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில், பத்தில் நான்கு பேருக்கு 'சிடி4' என்ற உதவி டி செல்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போயிருந்தது. எச்ஐவி நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கை மருந்து தொடங்கும் எல்லையும் அதே 200தான். எண்ணிக்கை அப்படிக் குறைந்தவர்களின் ஆயுளும் குறைவாக இருந்தது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டி வளர்ந்ததே, கிருமித்தொற்று இல்லை. ஆனால் இதை வைத்து 'அணு குறைந்ததால்தான் கட்டி வளர்ந்தது' என்று தீர்மானமாகச் சொல்லிவிடக்கூடாது. பெரிய கட்டி உள்ளவர்களுக்குக் கதிர் படும் பரப்பும் பெரிது, டெக்ஸாவும் அதிகம். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதல்ல.

எல்லோருக்கும் இதே அளவு நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் கட்டிக்கு ஒன்று முதல் ஐந்து தடவையில் துல்லியமாகக் குவித்து முடிக்கும் கதிர் அறுவை முறையில், வலையும் சின்னது, போடும் நாளும் குறைவு; லிம்போசைட் அவ்வளவாகக் குறையாது. பெரிய பரப்புக்கு ஆறு வாரம் வைப்பவர்களுக்குத்தான் அதிகம்.

அறிக்கையில் எந்த வரியைப் பார்ப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் அதிகம் பார்க்கும் குழப்பம் இங்கேதான்.

"டோட்டல் கவுண்ட் மட்டும் போதும்" என்று எழுதி வாங்கி வருவார்கள், காசு மிச்சம் என்று. வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கைதான் அது. அறிக்கையில் 9,000 என்று இருக்கும். சாதாரண அளவு 4,000 முதல் 11,000 வரை. "நல்லாத்தான் இருக்கு" என்று போய்விடுவார்கள். ஆனால் கீழே டிஃபரன்ஷியல் கவுண்டை, அதாவது அந்த மொத்தத்தில் எந்த வகை எத்தனை சதவீதம் என்ற கணக்கைப் பார்த்தால் கதை வேறு. விளக்கத்துக்காக நானே எழுதும் எண்கள் இவை: நியூட்ரோஃபில் 90 சதவீதம், லிம்போசைட் 5 சதவீதம், மற்றவை 5. இப்போது 9,000ஐ 5ஆல் பெருக்கி 100ஆல் வகுங்கள். 450 வருகிறது. லிம்போசைட்டின் உண்மையான எண்ணிக்கை அதுதான். பெரியவர்களுக்கு அது 1,000க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்று கணக்கு.

டோட்டல் எப்படி நார்மலாக வந்தது? டெக்ஸாதான் காரணம். ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களை அது கிளப்பி ஓட்டத்தில் விட்டுவிடும். அதனால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும், கூட்டுத்தொகை மட்டும் அழகாக நிற்கும். ஆகவே டிஃபரன்ஷியலோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். டெமோசோலோமைடு சாப்பிடும்போது பொதுவாக வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். மதுரையில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. உள்ளூரில் பார்த்து அறிக்கையை அனுப்பலாமா என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதிர் எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்பவும் செய்யும்

இந்தப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் விளக்கம் பாதிதான். கதிர் பட்டுச் சாகும் புற்றுசெல் தன் உள்ளே இருந்த புரதங்களை வெளியே கொட்டுகிறது. அதுவரை மறைந்திருந்த அடையாளம் அம்பலமாகி, லிம்போசைட்டுகள் அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. அபூர்வமாக, ஓரிடத்துக்குக் கதிர் வைத்தால் வேறிடத்தில் உள்ள கட்டியும் சுருங்குவதுண்டு. இதற்கு 1953லேயே 'அப்ஸ்கோபல் விளைவு' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் கிளியோபிளாஸ்டோமாவில் கதிரோடு எதிர்ப்பு சக்தியை முடுக்கும் ஊசியைச் சேர்த்த பெரிய ஆய்வுகள் ஆயுளைக் கூட்டவில்லை. சண்டை போட வேண்டிய லிம்போசைட்டே குறைந்துபோவதும், கூடவே டெக்ஸா ஓடுவதும் அதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கதிர் படும் பரப்பைச் சுருக்குவது, கட்டியைத் தாண்டி அதிகம் போகாத புரோட்டான் கதிரைப் பயன்படுத்துவது, டெக்ஸாவை முடிந்த அளவு குறைப்பது என்று முயற்சிகள் நடப்பதும் இதனால்தான்.

வாய், தொண்டைக்குக் கதிர் வைத்தால்

புகையிலை, வெற்றிலைப்பாக்குப் பழக்கத்தால் நம் பக்கம் வாய்ப்புற்று அதிகம் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே அணு குறைவதோடு இன்னொரு சிக்கல்: வாயின் உள்தோல் வெந்து புண்ணாகிறது, எச்சில் வற்றுகிறது. தோலும் எச்சிலும்தான் கிருமிக்கு முதல் தடுப்பு. அதனால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படரும். கதிர் தொடங்கும் முன்பே பல் டாக்டரைப் பார்த்துக் கெட்ட பற்களை முடித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அரிக்கலாம்.

கரையோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

லிம்போசைட் குறைந்தவர்களைத் தாக்கும் கிருமிகள் கொஞ்சம் வேறு மாதிரியானவை. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் நிமோனியா உண்டாக்கும். அதைத் தடுக்கத்தான் செப்ட்ரான் வகை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்வார்கள். "சளியே இல்ல, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிடாதீர்கள். அதில் சல்ஃபா மருந்து இருப்பதால், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே அடங்கிக் கிடந்த காசநோயும் மஞ்சள்காமாலை பி வைரஸும் இந்தச் சமயத்தில் எழலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அடுத்தது கடல். வலைநூல் அறுத்த காயம், சிப்பி கிழித்த காயம், திருக்கை முள் குத்து இதெல்லாம் நமக்குச் சாதாரணம். ஆனால் வெதுவெதுப்பான கடலோர நீரில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் வாழ்கிறது. அதில் ஒரு வகை, சர்க்கரையோ ஈரல் நோயோ குறைந்த எதிர்ப்பு சக்தியோ உள்ளவர் உடம்பில் காயம் வழியாக ஏறினால் ஓரிரு நாளுக்குள் சதையை அழுகவைத்துவிடும். சிகிச்சைக் காலத்தில் கடல்நீரில் காயம் பட்டால் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் உடனே கழுவுங்கள். சிவந்து வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடுவதாக நேர்ந்துகொண்டவர்களும், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போவதாக நினைத்திருப்பவர்களும், அறுவை சிகிச்சைத் தையல் ஆறி, லிம்போசைட் எண்ணிக்கை ஏறிய பிறகு போகட்டும். வேண்டுதல் அப்படியே இருக்கும்.

மீனை நிறுத்தாதீர்கள். 'மீன் சூடு, கருவாடு புண்ணை ஆறவிடாது' என்று பத்தியம் வைத்து, கஞ்சியும் ரொட்டியுமாகக் கொடுத்து ஆளை உருக்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அணு செய்ய உடம்புக்குப் புரதம் வேண்டும். நன்றாகக் கொதித்த சூடை மீன் குழம்பும் அவித்த முட்டையும் அதற்கு நல்ல வழி. வேகாத சிப்பி, அரைவேக்காட்டு நண்டு இவைதான் கூடாது. பப்பாளி இலைச் சாறு லிம்போசைட்டை ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டெங்குவில் தட்டணுவைப் பற்றிப் பேசியது இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. எந்தக் கஷாயமானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், கீமோ மாத்திரையும் சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் அன்றே ஆஸ்பத்திரி. டெக்ஸா காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், திடீர்ச் சோர்வு இருந்தாலும் அதே கதைதான். வீட்டில் குழந்தைக்குச் சளி இருந்தால் அது ஆறும்வரை கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை நோயாளி இப்போது போடக்கூடாது. செத்த கிருமியால் செய்த ஃப்ளூ ஊசி போடலாம்.

எப்போது ஏறும், எப்போது கடலுக்குப் போகலாம்

கதிர் முடிந்த மறுவாரமே எண்ணிக்கை ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நியூட்ரோஃபில் குறைந்திருந்தால் வாரங்களில் திரும்பும். லிம்போசைட் மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஓராண்டு கழித்தும் பழைய அளவுக்கு வராது. மீண்டும் டெமோசோலோமைடு சுற்றுகள் தொடர்ந்தால் இன்னும் தாமதமாகும். எண்ணிக்கை குறைவு என்பதற்காக டாக்டரைக் கேட்காமல் நடுவில் கதிரை நிறுத்தக்கூடாது. விட்ட நாள்களில் கட்டிச் செல்கள் மறுபடி பெருகும். லிம்போசைட்டுக்கு அதனால் கிடைக்கும் லாபமோ கொஞ்சம்.

"எப்ப தொழிலுக்குப் போகலாம்?" என்பதுதான் படகுக்காரர்கள் கடைசியில் கேட்பது. லிம்போசைட் 1,000ஐத் தாண்டி, டெக்ஸாவும் நின்றிருந்தால் காயத்தால் வரும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மூளைக்கட்டி வந்தவர்களுக்கு வலிப்புக்கும் வாய்ப்புண்டு. அதற்கும் ரத்த எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும், வலிப்பு டாக்டர் சரி சொல்லும்வரை வள்ளத்தில் தனியாகப் போகக்கூடாது. அதுவரை கரையில் வலை பின்னும் வேலை, ஏலக் கணக்கு என்று ஏதாவது பார்க்கலாம். கையில் வலைநூல் அறுக்காமல் உறை போட்டுக்கொள்ளுங்கள்.